மூடிமேல் கரண்டி

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். காற்று கொஞ்சம் கம்மியாகத்தான் வரும். ஃபேனை எங்கள் வீட்டுக்காரர் பெட்டிப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார். மனுஷருக்கு வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம், பெட்டி சூடானால் ஊரே கத்தும் என்பார். நீங்கள் செய்த பெட்டிதானே, உங்களுக்குத் தெரியாததா.

"பாரதி, சாருக்கு ஒரு காபி போடு."

சொல்லிவிட்டேன், வரும். இவன் என் சின்னவன். கடைவாய்ப்பல் முளைக்கிற நேரம், எது கிடைத்தாலும் கடிப்பான். உங்கள் கழுத்தில் தொங்குகிற அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

என்ன, போனை மேஜைமேல் வைக்கிறீர்கள்? பேசுவதைப் பதிவு செய்துகொள்ளலாமா என்றா? தாராளமாக. எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் நான்தான் முதல். குத்துவிளக்கு பரிசாகக் கொடுத்தார்கள், அத்தை, அதாவது என் மாமியார், அதைத்தான் இன்றைக்கும் ஏற்றுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கோயம்புத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து வாசலில் நின்று நீங்கள் கேட்டது என்ன? போன வருஷம் உங்கள் கம்பெனிக்குப் போன் செய்து, உங்கள் ரவுட்டரில் ஒரு கோளாறு இருக்கிறது என்று சொன்ன பாரதி யார் என்று கேட்டீர்கள். அன்றைக்குப் பேச்சு பாதியில் அறுந்துபோனதும் உங்கள் ஆட்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது வேறொரு ஊரில் அதே பெட்டி அதே மாதிரி நின்றுபோய், ஊர் முழுக்க நெட் இல்லாமல் தவித்து, கடைசியில் அந்தப் பெண் சொன்னது சரிதான் என்று ஆகியிருக்கிறது. சோதனைப் பிரிவில் வேலை கொடுக்கத் தேடிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. பாரதி வேறு யாரும் இல்லை, என் ஓரகத்திதான். கொழுந்தன் பொண்டாட்டி. இப்போது காபி போடச் சொன்னேனே, அவளேதான்.

எழுந்திருக்காதீர்கள் சார். கூப்பிடுகிறேன். அதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள். ஆள் எப்படி என்று தெரியாமல் வேலையைக் கொடுத்துவிட்டு நாளைக்கு நீங்கள் முழிக்கக் கூடாது. அதுவும் போக, கோளாறைக் கண்டுபிடித்தது அவளாகவே இருக்கட்டும். அதில் கை தேர்ந்தவர் யார் என்று ஒன்று இருக்கிறதில்லையா?

நான் சங்கரேஸ்வரி. இந்த வீட்டு மூத்த மருமகள். இந்த ஓடைச்செவலுக்கும் சுற்றியிருக்கிற பட்டிகளுக்கும் டிவி, நெட் எல்லாம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. எங்கள் வீட்டுக்காரர் காளிராஜ்தான் முதலாளி. கொழுந்தன் பொன்ராஜ் கம்பத்தில் ஏறி வயர் இழுப்பார். இந்த முன்னறையில் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொள்கிறது நான். யார் லைனைத் துண்டிக்கணும், யார் லைனைத் திரும்பச் சேர்க்கணும், எல்லாம் இந்தக் கை. மூத்தவள் பிறந்தபோது தொட்டிலை இங்கேதான் கட்டினோம். தாலாட்டெல்லாம் கிடையாது, இந்தப் பெட்டி இரைகிற சத்தத்தில்தான் தூங்குவாள். கரண்ட் போனால் எழுந்து அழுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் பாரதி வந்தாள். திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். சீரில் கிரைண்டர் வரும் என்று அத்தை இடம் ஒதுக்கி வைத்திருந்தார், லேப்டாப் வந்தது. அத்தை அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல எத்தனை படி மாவு ஆட்டலாம்?" என்றார். பந்தலே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. கேலி செய்தால் கொஞ்சமாவது முகம் சுருங்க வேண்டாமா? கூடச் சேர்ந்து சிரித்தால் என்ன அர்த்தம்?

எங்கள் அடுப்படியில் ஒரு வழக்கம் உண்டு சார். இதைச் சொன்னால்தான் உங்களுக்கு மற்றது விளங்கும். வயர் இழுக்கிற ஆட்களுக்கும் சேர்த்து மதியம் பெரிய சட்டியில் குழம்பு. சமைக்கும்போது வாயில் விட்டு ருசி பார்க்கிறது எங்கள் வீட்டில் கிடையாது, எச்சில் என்பார் அத்தை. மருமகள் இரண்டு பேர், அடுப்படி ஒன்று. ஒருத்தி உப்பு போட்டிருப்பாள், அது தெரியாமல் இன்னொருத்தியும் போடுவாள். அதற்காக அத்தை ஒரு ஏற்பாடு வைத்தார். உப்பு போட்டவள் உப்புக் கரண்டியைச் சட்டி மூடிமேல் குறுக்கே வைக்கணும். கரண்டி மூடிமேல் இருந்தால் உப்பு போட்டாச்சு. கரண்டி உப்பு ஜாடியிலேயே இருந்தால் இனிமேல்தான் போடணும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பாரதி முதல் நாளே அதைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். "அக்கா, இதத்தான் எங்க காலேஜ்ல ஒரு வருஷம் பாடமா எடுத்தாங்க" என்றாள். எனக்கு எரிந்தது. நாங்கள் குழம்பு வைக்கிறது அவளுக்குப் பாடமாம்.

ஒருநாள் சும்மா விளையாட்டுக்கு, உப்பு போட்டுவிட்டுக் கரண்டியை ஜாடியிலேயே வைத்துவிட்டேன். அவள் வந்தாள், ஜாடியைப் பார்த்தாள், ஒரு கை போட்டாள், கரண்டியை ஒழுங்காக மூடிமேல் வைத்தாள். மதியம் ஆட்கள் ஒரு வாய் வைத்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அத்தை பிடித்துக்கொண்டார். "படிச்ச கை, அள்ளித்தான் போடும்." பாரதி என்னைப் பார்த்தாள். நான் சின்னவனுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இன்னொரு நாள், உப்பே போடாமல் கரண்டியை மட்டும் மூடிமேல் வைத்தேன். அன்றைக்குச் சப்பென்று இருந்தது. கடைசியாக அடுப்படியில் நின்றது அவள்தானே, அதற்கும் அவள்தான் வாங்கினாள்.

நீங்கள் சிரிக்கமாட்டேன் என்கிறீர்கள். கூட்டுக்குடும்பத்தில் இருந்ததில்லை போல. இதெல்லாம் இல்லாவிட்டால் பொழுது எப்படிப் போகும்?

சரி, பெட்டிக் கதைக்கு வருகிறேன். அடிக்கடி பெட்டி நின்றுபோகும். விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரியும், ஆனால் ஒன்றும் போகாது வராது. சுவிட்சை அணைத்துப் போட்டால் மெதுவாக எழுந்து உட்காரும். கரண்ட் ஏறி இறங்குகிறது என்று எங்கள் வீட்டுக்காரர் ஸ்டெபிலைசர் வாங்கினார். வாசலில் எலுமிச்சம்பழம்கூடக் கட்டினோம். ஒருநாள் கொழுந்தன் கீழப்பட்டியில் நின்றுகொண்டு தன் போனிலிருந்து ஒரு வீட்டு லைனைச் சேர்க்கிறார். அது தெரியாமல் வீட்டுக்காரர் இங்கே உட்கார்ந்து அதே வீட்டு லைனைத் துண்டிக்கிறார். பெட்டி நின்றது. பாரதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "மாமா, இப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். கொழுந்தனுக்குப் போன் போட்டு, "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். இரண்டு பேரையும் மறுபடி ஒரே நேரத்தில் செய்யச் சொன்னாள். மறுபடியும் நின்றது.

"உப்பு மாதிரிதான் மாமா" என்றாள். "ஒரே லைன். ஒருத்தர் எடுக்கச் சொல்றாரு, ஒருத்தர் வைக்கச் சொல்றாரு. கொஞ்சம் முன்னப் பின்ன வந்தா பெட்டி தாங்கிக்கும். ரெண்டும் ஒரே நொடியில வந்தா எதைக் கேக்குறதுன்னு தெரியாம அப்படியே நின்னுடுது. இதுக்குள்ள கரண்டி வைக்க மறந்துட்டாங்க."

அப்புறம் அடுப்படியிலிருந்து ஒரு பழைய கரண்டியை எடுத்துவந்து இந்தக் கீபோர்டுமேல் வைத்தாள். யாராவது லைனில் கை வைக்கிறார்கள் என்றால் கரண்டி கீபோர்டுமேல் இருக்கும், அடுத்தவர் காத்திருக்கணும். கொழுந்தன் வெளியிலிருந்து செய்வதாக இருந்தால் போன் போட்டு, "கரண்டிய வை" என்று சொல்லணும். சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றோடு பெட்டி நிற்பது நின்றுபோயிற்று. எங்கள் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடும்போது, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார். நான்தான் அவருக்குத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இந்தப் பெட்டிக்கு முன்னால் இடுப்பொடிய உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாள் என்னை அப்படிச் சொன்னதில்லை. அடுத்த தோசையைத் தீய விட்டேன். அதையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தார், கவனிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உங்கள் கம்பெனிக்குப் போன் செய்தாள். "இது நம்ம பெட்டி மட்டும் இல்லக்கா, இதே பெட்டி எத்தனை ஊர்ல இருக்கும். தெரிஞ்சவன் எவனாச்சும் வேணும்னே செஞ்சா ஒரு ஊரையே நிறுத்திப்புடலாம்" என்றாள். ஊருக்கெல்லாம் இவள் கவலைப்படுகிறாள். உங்கள் ஆள் என்ன சொன்னாராம், வீடியோவில் வந்து காட்டு, உண்மையென்றால் எங்கள் சோதனைப் பிரிவுக்கே உன்னை எடுத்துக்கொள்கிறோம் என்றாராம். அன்றைக்கு அவள் இந்த நடையில் சுற்றிய சுற்றைப் பார்க்கணுமே. என் மூத்தவளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே ஆட்டம். "சித்தி வேலைக்குப் போறேன், சித்தி வேலைக்குப் போறேன்." என் பிள்ளையும் சேர்ந்து கத்துகிறது.

நான் யோசித்தேன் சார். யாராவது யோசிக்க வேண்டாமா? அவள் கோயம்புத்தூர் போனால் கொழுந்தன் பின்னாலேயே போவார். அப்புறம் கம்பத்தில் ஏறுவது யார், எங்கள் வீட்டுக்காரரா? அவருக்கு வாசல்படி ஏறினாலே மூச்சு வாங்கும். வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்றாலும் இந்த அறையில் உட்காரப் போவது அவள். அப்புறம் நான் எங்கே உட்காருவது? குடும்பம் ஒன்றாக இருக்கணும் என்று ஒருத்தியாவது நினைக்கணும்.

அதனால் பழகிக்கொண்டேன். அவளேதான் சொல்லிக்கொடுத்திருந்தாளே, எதையும் ஒளிக்கத் தெரியாது அவளுக்கு. என் போன் ஒரு கையில், வீட்டுக்காரர் போன் ஒரு கையில். இரண்டிலும் பெட்டிக்குள் போகலாம். ஒரு பழைய லைனை எடுத்துக்கொள்வது. இந்தக் கட்டைவிரல் துண்டிக்கும், இந்தக் கட்டைவிரல் சேர்க்கும். இரண்டும் ஒரே நொடியில் விழணும். அது எல்லாருக்கும் வராது சார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தீப்பெட்டி ஆலைக்குக் கட்டைச் சட்டத்தில் குச்சி அடுக்கினவள். இரண்டு கையும் தனித்தனியாக ஓடும், ஆனால் ஒன்றாகப் போய்ச் சேரும். கொஞ்ச நாளில், காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இரண்டு கையால் பெட்டியை நிறுத்துகிற அளவுக்கு வந்துவிட்டேன். பாரதிக்கு நாலு தடவை செய்தால் ஒரு தடவைதான் நிற்கும். எனக்கு ஒரு தடவைகூடத் தவறாது.

இதை எழுதிக்கொள்கிறீர்களா? எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வீடியோ அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டாத குறைதான். இந்த நாற்காலியில் உட்கார்ந்து, கரண்டியைக் கீபோர்டு பக்கத்தில் பொட்டு வைத்த மாதிரி வைத்துக்கொண்டு, உங்கள் ஆட்களுக்கு வணக்கம் சொன்னாள். நான் பின்கட்டில் தொட்டிலைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் விஷயத்தை ஆரம்பிக்கிற நேரம் பார்த்து இரண்டு விரலையும் வைத்தேன். நின்றது. அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பெட்டி நிற்பதைக் காட்டத்தான் அவள் உட்கார்ந்தாள். பெட்டி நின்றால் அவளும் சேர்ந்துதானே காணாமல் போவாள்? "இதுதான் சார், இதுதான்" என்று அவள் திரையைப் பார்த்துக் கத்துகிறாள், யாருக்குக் கேட்கும்? செல்போனில் பேசலாம் என்றால், எங்கள் ஊரில் அறுந்து அறுந்து நாலு வார்த்தைதான் கேட்கும், கரட்டுமேல், அந்தப் பாறைக் குன்றுமேல் ஏறினால்தான் டவர் ஒழுங்காக எடுக்கும். அவள் செருப்புகூடப் போடாமல் கரட்டில் ஏறி உங்களுக்குப் போன் போட்டு, இன்னொரு நாள் வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டாவது தடவையும் அப்படித்தான். உங்கள் ஆள் சலித்துக்கொண்டார் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னாள். நான் அவளுக்கு அன்றைக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். முள் குத்தியிருந்த காலில் மஞ்சள் பற்றும் போட்டேன். எனக்கு அந்த மனசு உண்டு.

மூன்றாவது தடவைதான் கொஞ்சம் ஏடாகூடமாகிவிட்டது.

உங்கள் ஆள் கொடுத்த அதே நாளில் வடக்குத்தெரு சீனியப்பன் செத்துப்போனார். மகன் சக்திகுமார் கத்தாரில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. வீடியோவில்தான் அப்பா முகத்தைப் பார்க்கணும். பாரதி என்ன செய்தாள் தெரியுமா? எழவு வீட்டுக்கு அவளே போனாள். "எனக்கு இன்னிக்குக் கம்பெனியோட பேச்சு இருக்கு. பெட்டிய நிறுத்திக் காட்டணும்னு சொல்லியிருக்காங்க. ஆனா நான் நிறுத்தமாட்டேன், வாயால மட்டும்தான் சொல்லுவேன். அண்ணன் முழுசாப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பாருங்கள், அவளேதான் போய்ச் சொன்னாள், என்னால் ஊர் நெட்டை நிறுத்த முடியும் என்று. யார் போகச் சொன்னது?

அன்றைக்கு நான் சும்மா இருக்கணும் என்றுதான் நினைத்தேன். சாவு வீடு, பாவம். ஆனால் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. உங்கள் ஆள் தமிழில்தான் பேசினார், "நீங்க சொல்றதுலயே புரியுதும்மா, அடுத்த மாசம் சேந்துடுங்க, மிச்சத்தை இங்க வந்து காட்டலாம்" என்கிற மாதிரி ஏதோ வந்தது. பிறகு அவள் குரல், "தேங்க்யூ சார், என் பேரு முழுசா ஜெயபாரதி சார்" என்று. அதற்குமேல் கேட்கவில்லை. என் விரல் போய்விட்டது.

சீனியப்பனைக் குளிப்பாட்டி வைத்து, முகத்தை மூடப் போகிற நேரமாம் அது. மகன் அங்கே "அப்பா" என்று வாயைத் திறந்தவன் அப்படியே படமாக நின்றுவிட்டானாம், வாய் திறந்தபடி. பார்த்தவர்கள் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் மூடிக்கொண்டேன். பெட்டி திரும்ப எழுந்து உட்காருவதற்குள் பாடை தெருவைத் தாண்டிவிட்டது. பூமாலைகளை இழுத்துப் பிய்த்துப் போட்ட வெறும் தரையைத்தான் சக்திகுமார் பார்த்தானாம்.

சாயங்காலம் சீனியப்பன் பொண்டாட்டி வந்தார். தாலி அறுக்காத கழுத்தோடு வந்தார். எங்கள் வாசலில் குனிந்து மண்ணை வாரி, இந்த வீட்டின் மேல் இல்லை, பாரதி மேல் தூற்றினார். "உன் வேலைக்காகவாடி எம்மவன் கண்ணை மறைச்ச" என்று கேட்டார். பாரதி, "நான் அமுக்கல அத்தை, சத்தியமா நான் அமுக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யார் நம்புவார்கள்? நிறுத்தத் தெரிந்தவள் அவள். நிறுத்திக் காட்ட உட்கார்ந்திருந்தவள் அவள். கொழுந்தன் எல்லார் முன்னாலும் ஒரு அறை விட்டார். நல்ல பலம் கம்பம் ஏறுகிற கைக்கு. நான்தான் போய் நடுவில் விழுந்து, "போதும் தம்பி, பொம்பளப் புள்ள" என்று தடுத்தேன். ஊரே பார்த்தது. மூத்தவள் மூத்தவள்தான் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரரும் அன்றைக்கு அதைச் சொன்னார்.

என்ன சார், தண்ணீர் வேண்டுமா? காபி வந்துவிடும்.

அப்புறம் ஒருநாள் துணி காயப்போடும்போது மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அன்னிக்கு உங்க கையில மாமா போன் எதுக்கு இருந்துச்சு?" என்று. நல்ல கண்ணு அவளுக்கு. நான் கோபப்படவில்லை. கன்னத்தைத் தடவி, "உனக்குத் தூக்கமே இல்ல பாரதி, அதான் என்னென்னமோ தோணுது. நீதான் அமுக்கியிருப்ப. வேணும்னு இல்ல, பழக்கத்துல கை தானாப் போயிருக்கும்" என்றேன். தினம் ஏதாவது ஒரு நேரத்தில் சொல்வேன். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதில்லையா, அப்படித்தான். ஒரு கட்டத்தில் அவளே, "அப்படியும் இருக்குமாக்கா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

இப்போது ரொம்ப அடங்கிவிட்டாள். இந்த அறை வாசல்படியைத் தாண்டக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார், தாண்டமாட்டாள். இந்தப் பக்கம் வரவேண்டி வந்தால் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். கை தானாக எங்காவது போய்விடுமோ என்று பயம். லேப்டாப்பை மூத்தவளுக்குப் படம் பார்க்கக் கொடுத்துவிட்டாள். கரட்டுமேல் ஏறி உங்களுக்குத் திரும்பப் போன் போடவும் இல்லை. அடுப்படியிலும் அப்படித்தான். மூடிமேல் கரண்டி இருந்தாலும் நம்பமாட்டாள், ஜாடியில் இருந்தாலும் நம்பமாட்டாள். "அக்கா, உப்பு போட்டாச்சா, நான் போடணுமா?" என்று வந்து நிற்பாள். நான் சொன்னால்தான் போடுவாள். முன்னே எவ்வளவு துள்ளல். இப்போது எவ்வளவு பாந்தம். நான் விளையாட்டை எப்போதோ நிறுத்திவிட்டேன், தேவையே இல்லை.

அதனால் கேட்கிறேன் சார். இப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொண்டுபோய் எந்தச் சோதனைப் பிரிவில் உட்கார வைப்பீர்கள்? பெட்டியைத் தொடவே பயப்படுகிறாள். நீங்கள் வாசலில் ஏதோ இங்கிலீஷ் பேர் சொன்னீர்களே, ரேஸ் என்று. ரேஸ்தான் அது, ஒரு வாசலில் இரண்டு பேர் ஓடிவந்து முட்டிக்கொள்கிறது. அந்த முட்டலை நினைத்த நேரத்தில் வரவழைக்கிற கை உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா? பிளஸ் டூதான் படித்திருக்கிறேன். இருந்தால் என்ன? கையைப் பாருங்கள்.

வாயால் சொன்னால் போதாது. இருங்கள், காட்டியே விடுகிறேன். பிள்ளையை ஒரு நிமிஷம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இதோ என் போன். இது கம்ப்யூட்டர் மவுஸ். கரண்டியை ஓரமாக வைத்துவிடுவோம். இந்த லைன், மேலத்தெரு. வேண்டாம் என்கிறீர்களா? ஒன்றும் ஆகாது சார், பத்து நிமிஷத்தில் வந்துவிடும். பாருங்கள். இந்தக் கை துண்டிக்குது, இந்தக் கை சேர்க்குது.

அவ்வளவுதான். நின்றுவிட்டது. விளக்கெல்லாம் பச்சை, ஆனால் உள்ளே உயிர் இல்லை. முதல் தடவையிலேயே.

கேட்டீர்களா, போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. "ஆமாண்ணே, கரண்ட் ஏறி இறங்குது, பத்து நிமிஷம் பொறுங்க. ஆமா, ஆமா, சொல்றேன்." பாவம், பட்டாசுக் கடை ராமசுப்பு, பில் போட்டுக்கொண்டிருந்தாராம்.

என்ன பாரதி? ஏன் ஓடிவர்ற? படிகிட்டயே நில்லு.

பார்த்தீர்களா சார், கையை இடுக்கிக்கொண்டு நிற்கிறதை? என்ன சொல்கிறாள் கேட்டதா? "நான் அடுப்படிலதான்க்கா இருந்தேன், நான் அமுக்கல." போன் அடித்தாலே இப்படித்தான் ஓடிவருவாள். "நீ இல்ல பாரதி, நான்தான், சாருக்குக் காட்டினேன்." நம்பமாட்டேன் என்று தலையை ஆட்டுகிறாள் பாருங்கள். நானே சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறாள்.

கேளுங்கள், நீங்களே கேளுங்கள். "பாரதி, சார் உன்னைத்தான் கேக்குறாரு. ரவுட்டர்ல கோளாறுன்னு கம்பெனிக்குச் சொன்னது நீதானான்னு. உனக்கு வேலை வச்சிருக்காங்களாம்."

இங்கே பாருங்கள், உங்களைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறாள். என்ன கேட்கிறாள் கேட்டீர்களா? "நீங்க சொல்லியாச்சாக்கா, நான் சொல்லணுமா?"

"எல்லாம் சொல்லியாச்சு பாரதி. நீ போய்க் காபிய எடுத்துட்டு வா."

சரி என்று போய்விட்டாள். இதுதான் சார் அவள். நான் ஒன்றும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறதா?

வந்துவிட்டது. அங்கேயே படியில் வைத்துவிடு பாரதி, நான் எடுத்துக் கொடுக்கிறேன். இந்தாருங்கள் சார், பார்த்துப் பிடியுங்கள், சூடு.

ஏன் முகம் அப்படிப் போகிறது? சர்க்கரை இல்லையா? அட. நான்தான் இந்த நாற்காலியை விட்டு அசையவே இல்லையே. அவள் ஒருத்திதானே அடுப்படியில் இருந்தாள். இருந்தாலும் நான் போட்டிருப்பேன் என்று நினைத்துவிட்டாள் போல. போடு என்று சொல்ல மறந்துவிட்டேன்.

எழுந்துவிட்டீர்களே. எங்கே போகிறீர்கள்? அது அடுப்படி சார். நான் பேசினதைப் பதிவு செய்த போனை எதற்கு அவளிடம் எடுத்துக்கொண்டு போகிறீர்கள், வையுங்கள், என் பேரை நீங்கள் இன்னும் எழுதிக்கொள்ளவே இல்லை. பிள்ளையையாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.

சார், சர்க்கரைதானே? இங்கிருந்தே சொல்கிறேன், உட்காருங்கள். நான் சொல்லாமல் அவள் உங்களுக்கு எதையும் எடுத்துத் தரமாட்டாள்.